செல்போன் வேலை விமானம் ஏறியது!
உண்ணாவிரதம் இருந்தும் பலன் இல்லை

ஸ்ரீபெரும்புதூரில் 8 வருஷம் ஓகோ என்று ஓடிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது.

ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் 8 ஆயிரம் பேர். பெரும்பாலோர் இளம் பெண்கள்! பிளஸ்-2 முடித்துவிட்டு, கம்பெனி பஸ்சில் கிராமத்தில் இருந்து வந்து போனவர்கள்.

என்ன நடந்தது?

2013 ஜனவரியில் வருமான வரி அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். பின்லாந்து தலைமைக்கு அனுப்பிய சாப்ட்வேர் பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று 2 ஆயிரம் கோடி கேட்டார்கள். ஏற்றுமதி என்று சொல்லி உள்ளூரிலேயே விற்றதாக, மாநில அரசு தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. கம்பெனி இரண்டையும் மறுத்தது.

அந்த நேரம் பார்த்து நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூரை மட்டும் கழற்றி விட்டது! வழக்கில் சிக்கிய சொத்தை யார் தொடுவார்கள்?

வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பட்டன் போன் மவுசும் அப்போதே குறைந்து போயிருந்தது. ஆனால் மிச்சம் இருந்த வேலை எங்கே போனது? வியட்நாமுக்கு! ஹனோய் பக்கத்தில் 2013-லேயே ஆலை தயாராகி இருந்தது.

சம்பளத்துக்கு உழைத்தவள் எந்த வரியை ஏய்த்தாள்? சண்டை கம்பெனிக்கும் அரசுக்கும். அடி விழுந்தது அவள் வயிற்றில்.

வேலை போகக்கூடாது என்று 2014 மார்ச் கடைசியில் தொழிலாளர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கம்பெனி 'விருப்ப ஓய்வு' என்று ஒரு பேப்பரை நீட்டியது.

இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு ஓய்வாம்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 100 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையை மூட வேண்டும் என்றால், அன்றைய சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். ஆட்களே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால்? கேட்க ஆள் இல்லை. ஆயிரக்கணக்கானோர் போட்டார்கள்.

ஜெர்மனியிலும் இதே கதை

2008-ல் ஜெர்மனியின் போகும் நகரில் இதே கம்பெனி 2,300 பேரை வீட்டுக்கு அனுப்பியது. வேலை ருமேனியாவுக்குப் போனது. 3 வருஷத்தில் அங்கேயும் பூட்டு! 2012-ல் பின்லாந்தின் சலோ ஆலையிலும் போன் தயாரிப்பு நின்றது. அவர்கள் இழந்த வேலைதான் ஆசியாவுக்கு வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரை விட்டும் ஓடியது.

ஜெர்மனிக்காரர்கள் சும்மா விடவில்லை. நோக்கியா போனே வேண்டாம் என்று கிளம்பினார்கள். கொடுத்த சலுகைப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று மாநில அரசு மடக்கியது. கம்பெனி பணம் கொடுத்துத்தான் சமரசம் ஆனது. வேலை மட்டும் திரும்பவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் மூடிக் கிடந்த கட்டிடத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கி, 2020-ல் திறந்தது. சுற்று வட்டாரத்தில் செல்போன் தயாரிப்பு மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. அன்று கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. இந்த வேலைக்கு எடுப்பதோ பெரும்பாலும் சின்னப் பெண்களைத்தான்.