ஒழுகாத கரண்டும் சுடும்

ஹட்டன், நுவரெலியா பக்கத்து லயன்களில் தீப்பிடித்தால் செய்தியில் அடிக்கடி வரும் சொல் 'மின்னொழுக்கு'. கூரை ஒழுகுவதுபோல மின்சாரமும் எங்கோ ஒழுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புகிறோம். ஆனால் ஒரு சொட்டும் ஒழுகாமலே வயர் தீப்பிடிக்கும். எப்படி என்று அறிய ஒரு கேத்தலும் கொஞ்சம் வகுத்தல் கணக்கும் போதும்.

கேத்தலின் அடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருப்பதாக வைப்போம். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது வலு. ஆகவே 1500ஐ 230ஆல் வகுத்தால் கரண்ட் 6.5 அம்பியர். வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை: சுமார் 35 ஓம். ஜேர்மனியரான ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின் சாரம் இதுதான்.

மாலையில் எல்லாக் காம்பராக்களிலும் ஒரே நேரத்தில் சமையல் நடக்கும்போது வோல்ட் 200க்கு இறங்கினால்? தடை அதே 35 ஓம். கரண்ட் 5.7 அம்பியராகும், வலு 1140 வாட்தான். வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குதான் போனது, வலுவிலோ கால்வாசி போய்விட்டது. தேத்தண்ணி தாமதமாவது இதனால்தான்.

போன வோல்ட் எங்கே? ஒரு பங்கு வயரிலேயே சூடாகிவிட்டது. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 30 மீற்றர் தூரம் இழுத்தால், போக வர 60 மீற்றர்; தடை ஏறக்குறைய ஒரு ஓம். அதில் 10 அம்பியர் ஓடினால் 100 வாட் சூடு. 20 அம்பியர் ஓடினால் 200 அல்ல, 400 வாட். கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நீள வயரில் அந்தச் சூடு பரவிப் போகும். டேப் சுற்றிய தளர்ந்த மூட்டில் அப்படிப் பரவாது. அங்கே அரை ஓம் இருந்தாலே 10 அம்பியருக்கு 50 வாட். கூரைப் பலகையோரம் ஒரு சோல்டரிங் அயர்னை ஓயாமல் எரியவிட்டதற்குச் சமம்.

'ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே' என்பீர்கள். போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டு, பொதுவாக 30 மில்லிஅம்பியர் குறைந்தால் விழுவது அது. ஒழுக்கைத்தான் பிடிக்கும். சூடாகும் வயரிலோ போனதெல்லாம் அப்படியே திரும்பி வருகிறது. அதற்குக் கணக்குச் சரி. கரண்ட் மிஞ்சினால் தடுப்பது பியூஸின் வேலை. அங்கே தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால் காவல்காரனைத் தூங்க வைத்ததாகும்.

இதே கணக்குத்தான் மலையிலிருந்து கொழும்புக்குக் கரண்ட் கொண்டுபோகவும் உதவியது. மலையக நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை படித்தார். 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கரண்ட் 66,000 வோல்ட்டில் போனது. அதே வலுவை அனுப்ப, வோல்ட்டைப் பத்து மடங்காக்கினால் கரண்ட் பத்தில் ஒன்று, கம்பியில் வீணாகும் சூடு நூறில் ஒன்று. அந்தக் கம்பிகள் மலை தாண்டிப் போன பின்னும் பல லயன்களில் நெடுங்காலம் குப்பி லாம்புதான்.

தாமதமாக வந்த வெளிச்சம் நெருப்பாகிவிடக் கூடாது. தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? கேத்தலுக்குச் சேர வேண்டிய வாட் அங்கே எரிகிறது.