ஆறு நாறினால் குழாய் வறளும்

2020 செப்டம்பர் முதல் வாரம். வானொலியில் பாட்டு கேட்டு அழைத்தவர்களைவிட, "தண்ணீர் எப்போதுங்க வரும்?" என்று கேட்டவர்களே அதிகம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்காரர், கிள்ளானில் கைக்குழந்தை வைத்திருந்த அக்கா, எல்லாருக்கும் அதே கேள்விதான்.

ரவாங்கில் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்திருந்தது. சுங்கை சிலாங்கூர் 1, 2, 3, ரந்தாவ் பாஞ்சாங் ஆகிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடினார்கள். 1,292 பகுதிகளுக்குத் தண்ணீர் இல்லை.

சுத்திகரிக்கத்தானே நிலையம், அதை ஏன் மூட வேண்டும்? கலங்கலுக்குப் படிகாரம், கிருமிக்குக் குளோரின் இருக்கிறது. கரைந்த ரசாயன வாடை இரண்டுக்குமே அடங்காது. உள்ளே விட்டால் தொட்டி, குழாய் எல்லாம் நாறும், கழுவியெடுக்கவே நாட்களாகும். அதனால் ஆறு தெளியும்வரை காத்திருப்பார்கள்.

1998-இல் லங்காட் அணை வற்றியபோது மழையைக் குறை சொன்னோம். பிறகு பகாங்கிலிருந்து நீர் கொண்டுவர 44.6 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தோம். நல்ல திட்டம்தான். ஆனால் என்னைக் கேட்டால், ரவாங் கால்வாய்களுக்குக் காவல் போடுவது அதைவிட மலிவு.

கால்வாயில் எண்ணெய் மிதந்தால் படம் எடுத்து, சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸுக்குப் புகார் கொடுங்கள். மழை வந்து அடித்துப் போவதற்குள் கொடுத்துவிடுங்கள்.