தொட்டதால் வந்த தோல்வி

2021 அக்டோபர் 10-ந் தேதி மிலான் நகரில் நேஷன்ஸ் லீக் இறுதிப் பந்தயம். ஸ்பெயினும் பிரான்ஸும் 1-1 என்று சமமாயிருந்தன. 80-வது நிமிஷத்தில் எம்பாப்பேயை நோக்கிப் பந்து வந்தபோது அவர் ஆப்ஸைடில்தான் நின்றார். ஆனால் ஸ்பெயின் வீரர் எரிக் கார்ஸியா சறுக்கிப் பாய்ந்து தடுக்கப் பார்த்தார்; பந்து அவர் காலில் லேசாக உராய்ந்து சென்றது. எதிர்க்கட்சியார் வேண்டுமென்றே ஆடிய பந்தானால் ஆப்ஸைடு இல்லை என்பது விதி. வீடியோ பரிசோதனைக்குப் பின்னும் கோல் நிலைத்தது. கோப்பை பிரான்ஸுக்குப் போயிற்று.

நின்ற இடத்தை யந்திரம் அளந்துவிடும். 'வேண்டுமென்றே' என்பதை எதைக் கொண்டு அளப்பது? தடுக்க முயலாமல் சும்மா நின்றிருந்தால் பிழைத்திருப்பார்களே! ஸ்பானியர் குமுறியதில் நியாயம் உண்டு.

2022-ல் விதிக்கு விளக்கம் எழுதினார்கள்: பந்தைத் தம் வசப்படுத்தக்கூடிய நிலையில் வீரர் இருந்தாரா என்று பார்க்க வேண்டுமாம். அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவரும் மத்தியஸ்தர்தான்.