மலைச் சாலையும் லாரியின் பிரேக்கும்

சாரற்காலத்தில் குற்றாலத்துக்கு வந்த மாணவ நண்பர்கள், தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறிக் கொல்லம் செல்லும் சாலையை அறிந்திருப்பீர்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே சரக்கு லாரிகள் இரவு பகலாக இவ்வழியே மலையைக் கடக்கின்றன. புளியரைக்கு மேலே 'எஸ்' வளைவு என்று எல்லோரும் சொல்லும் திருப்பத்தில், அதுவும் சாரலில் சாலை நனைந்திருக்கும்போது, பாரத்தோடு இறங்கிவரும் லாரியைக் கண்டால் நான் ஒதுங்கியே நிற்பேன்.

பெரிய லாரிகளில் அழுத்தப்பட்ட காற்றே பிரேக்கை இயக்குகிறது. காற்று ஒரு தண்டைத் தள்ளுகிறது; அதன் விசையால் சக்கரத்தினுள் இருக்கும் லைனிங் பட்டைகள் விரிந்து டிரம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. பட்டை தேயத் தேய இடைவெளி பெருகும். தண்டு செல்ல வேண்டிய தூரமும் மிகும். அத்தூரத்துக்கோ ஓர் எல்லை உண்டு. ஆகையால் தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைச் சரிசெய்து வர வேண்டும். சரிசெய்யாத பிரேக்கும் சமதரையில் ஒருவாறு பிடித்துவிடும். குறை வெளியே தெரியாது. மலை இறக்கத்தில் ஓயாமல் மிதிக்கும்போது டிரம் சூடேறி விரிந்து, பட்டையை விட்டு இன்னும் விலகுகிறது. தண்டு எல்லையை எட்டிவிட்டால், பிறகு எவ்வளவு மிதித்தும் பயனில்லை.

இதற்குச் சட்டம் விதிக்கும் தண்டனை யாது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் குற்றவாளியாக்குகிறது. பழுது தெரியாது என்றால் மட்டும் போதாது. சாதாரணக் கவனத்தால் கண்டிருக்கக் கூடியதாயின் அதுவும் குற்றமே. முதலில் 250 ரூபாயாக இருந்த உச்ச அபராதம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 1,500 ரூபாய் ஆயிற்று. அப்பழுதினால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ உண்டானால், மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு நடை வாடகையின் முன் 1,500 ரூபாய் பெரிய தொகையா? நான் அப்படி நினைக்கவில்லை. லாரி உரிமையாளர் உண்மையில் அஞ்ச வேண்டியது 56ஆம் பிரிவுக்குத்தான். வண்டி விதிகளுக்கு ஒத்ததாக இல்லையெனில், காரணத்தை எழுதிவைத்து அதன் தகுதிச் சான்றை அதிகாரி எப்போது வேண்டுமானாலும் ரத்துச் செய்யலாம். சான்று போனால் பதிவும் செல்லாததாகவே கருதப்படும். அமெரிக்காவில் சாலையோரச் சோதனையில் பிரேக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு பழுதாயிருந்தாலே, சீர்செய்யும் வரை லாரியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆரியங்காவில், இறக்கம் தொடங்குமுன், அத்தகைய நிறுத்தம் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து.