மண்ணுக்கும் வைத்தியர் வேண்டும்!



"ஹஜ்ரத்! எண்ணெயைத்தான் அள்ளிவிட்டார்களே, பிறகு ஏன் மீனில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது?" ஓத வரும் மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டான். கலைப் பாடம் பயின்ற எனக்கு விடை தெரியவில்லை. தேடிக் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வடசென்னைவாசிகளுக்கு இத்துயரம் புதிதன்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், கரையோரம் கருங்குழம்பாகப் படிந்தது. மீனவரும் மாணவரும் கடலோரக் காவல் படையினரும் அதனை வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அப்போதும் மீனவர்கள் படகேறிக் கையாலேயே அள்ளினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணை மேற்கொண்டது.

கண்ணுக்குத் தெரிந்ததை அள்ளலாம். சேற்றுக்குள் இறங்கியதை என்ன செய்வது? அங்குதான் சுற்றுச்சூழல் ஆலோசகரின் பணி தொடங்குகிறது. நிலத்தில் முன்பு என்ன ஆலை இருந்தது, கழிவு எங்கே கொட்டப்பட்டது என்னும் வரலாற்றை அவர் முதலில் திரட்டுவார். பின்னர் வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு மண்ணெடுப்பார்; கிணறு தோண்டி நிலத்தடி நீரைச் சோதிப்பார். நோய் தெரிந்த பிறகே வைத்தியம். நஞ்சு மண்ணை அகழ்ந்து, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான கிடங்கில் புதைப்பதுண்டு, மண்ணைக் கழுவுவதுண்டு, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களை ஏவுவதும் உண்டு.

ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடப்பட்ட பின்னும் அதன் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்தது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாமா என்பதே நெடுங்கால விவாதமாயிற்று. ஓர் எண்ணில் ஒரு மலையின் நலமே அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்!

மாசடைந்த நிலங்களைக் கண்டறிந்து சீராக்கவும், மாசுபடுத்தியவரிடமே செலவை வசூலிக்கவும் மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. எனவே இத்துறையறிந்தோர் இனி அதிகம் தேவைப்படுவர். வேதியியல், நிலவியல், நுண்ணுயிரியல், சிவில் அல்லது கெமிக்கல் இஞ்சினீயரிங் பயின்ற ஆண்களும் பெண்களும் சுற்றுச்சூழலில் மேற்படிப்பு முடித்து இதில் நுழையலாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே அதற்கு இடமுண்டு. "டாக்டர் அல்லது இஞ்சினீயர்" என்று மட்டுமே சிந்திக்கும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆய்வுக்குக் கூலி தருபவர் பெரும்பாலும் அந்த ஆலையின் உரிமையாளரே. நஞ்சில்லாத மூலையாகப் பார்த்துத் துளையிட்டால் அறிக்கை சுத்தமாக வரும்; அந்நீரைக் குடிக்கும் குழந்தைக்கோ நோய் வரும். எனவே ஆய்வறிக்கை என்பது வெறும் காகிதமன்று, ஓர் அமானிதம். அதில் மோசடி செய்யத் துணியாத உள்ளத்தையும் பட்டத்தோடு சேர்த்தே நம் பிள்ளைகளுக்கு அளிப்போம்.

அம்மாணவனிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "எண்ணெய் சேற்றில் தங்கிவிட்டது, தம்பி. எவ்வளவு தங்கியது என்பதை நீ படித்து வந்து, உள்ளது உள்ளபடி எங்களுக்குச் சொல்."