நேர்த்திக்கடன் செலுத்தினால் கணக்கு முடிந்துவிடுமா?

தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் பால்குடத்துடன் நிற்பவர்களிடம் காரணம் கேட்டால், கஷ்டத்தைச் சொல்பவர்களைப் போலவே நல்ல செய்தி சொல்பவர்களும் பலர் இருப்பார்கள். மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, சொந்த வீடு வாங்கியாயிற்று, பல ஆண்டுகள் கழித்துக் குழந்தை பிறந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, சொன்னதைச் செய்ய வந்திருக்கிறோம் என்பார்கள்.

அப்படி வந்திருந்த ஒரு தந்தை, "இந்த வருஷத்தோட கடன் முடிஞ்சிருச்சு தம்பி" என்றார். நிம்மதியாகத்தான் சொன்னார். ஆனால் 'கடன்' என்ற அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

கடன் என்றதும் நமக்கு வங்கியும் காருக்குக் கட்டும் மாதத் தவணையும் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அதற்குக் கடமை என்ற பொருளும் உண்டு. புறநானூற்றில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவருக்கும் உரிய கடனைப் பொன்முடியார் அடுக்கிச் சொல்கிறார். அங்கே எவரும் யாரிடமும் பணம் வாங்கவில்லை. அப்பர் தேவாரத்திலும் இதே பொருள்தான். தவணைக் கடன் ஒருநாள் தீரும். கடமைக்கு அப்படி ஒரு கடைசித் தவணை கிடையாது. பதவி உயர்வுக்கு ஒரு பால்குடம் என்று கணக்குப் போட்டால், அந்த உயர்வு நாம் விலை கொடுத்து வாங்கிய பொருளாகிவிடும். விலை கொடுத்து வாங்கியதற்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

சடங்கின் அமைப்பைக் கவனித்தால், அது வெற்றி பெற்றவரைச் சற்றுக் கீழே இறக்கிவிடுவது தெரியும். சைவ உணவு, தரையில் படுக்கை என்று விரதம் தொடங்குகிறது. பட்டமளிப்புப் படத்துக்காகப் பார்த்துப் பார்த்து வாரிய முடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையுடன் நிற்க வேண்டும். பிறகு 272 படிகளை வெறுங்காலுடன் ஏற வேண்டும். நிறுவன முதலாளிக்குத் தனிப் படிக்கட்டு இல்லை. முன்னால் போகும் பாட்டி மூச்சு வாங்க நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான். சிந்தாமல் மணிக்கணக்கில் சுமந்து வந்த பால், மேலே போனதும் நொடிப்பொழுதில் மற்றவர்களின் பாலோடு கலந்துவிடுகிறது. எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

நாமோ பெயர் போடாமல் விட மாட்டோம். கோவில் குழல்விளக்கில் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' எழுதிய பரம்பரை நம்முடையது! இப்போது அந்த வேலையைப் பேஸ்புக் செய்கிறது. படம் போடுவது தவறில்லை. படத்துக்காகக் காவடியின் உயரம் கூடும்போதுதான் அது யாருக்கான காணிக்கை என்ற கேள்வி எழுகிறது.

அதற்காக, "எல்லாம் அவன் செயல், நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்வதுதான் பணிவா? எஸ்.பி.எம். தேர்வுக்கு இரவு 2 மணி வரை படித்த மாணவி அப்படிச் சொன்னால் அது உண்மையாகாது. திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் 11-ஆவது அதிகாரம். அடக்கமுடைமை 13-ஆவது. இரண்டுக்கும் நடுவே இருப்பது நடுவு நிலைமை. இந்த வரிசை எனக்குப் பிடித்தமானது. எது என் உழைப்பு, எது எனக்குக் கிடைத்தது என்று ஒரு பக்கம் சாயாமல் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் நன்றியும் அடக்கமும் நடிப்பில்லாமல் வரும். படித்தது அந்த மாணவிதான். ஆனால் நோய் நொடியில்லாத உடம்பும், அம்மா கூடுதல் நேர வேலை செய்து கட்டிய டியூஷன் கட்டணமும், பள்ளி முடிந்த பிறகும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அவள் சம்பாதித்தவை அல்ல. பால்குடம் எடுத்த கையோடு அந்த ஆசிரியரை ஒருமுறை போய்ப் பார்த்தால் அதுவும் நேர்த்திக்கடன்தான்.

காவடிக்குக் காரணமான இடும்பனின் கதையும் ஒரு வெற்றியாளனின் கதையே. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து தெற்கே வந்தவன் அவன். பழநியில் இறக்கி வைத்து இளைப்பாறினான். மறுபடி தூக்கப் போனால் மலை அசையவில்லை. அதே தோள், அதே மலை! மலைமேல் நின்ற சிறுவனிடம் சண்டைக்குப் போய் மாண்டான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்டிய பிறகு உயிர் பெற்றான்.  அப்போது அவன், தன்னைப் போலக் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று கேட்டதாகக் கதை சொல்கிறது.

அவனுக்கென்று நம் வீடுகளில் ஒரு பூசை உண்டு. தைப்பூசம் முடிந்து பெரும்பாலும் மூன்றாம் நாள் இடும்பன் பூசை நடக்கும். காவடியும் பால்குடமும் எடுத்தவர்கள் பலர் அதை முடித்த பிறகே விரதத்தை விடுகிறார்கள்.