காற்றைத் திருடும் கள்ளன்!
கார் டயரில் கண்டுபிடிப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். பின்னல் எந்திரத்தில் ஒரே ஓர் ஊசி உடைந்தால் போதும். துணி நெடுகக் கோடு விழுந்துவிடும். உடனே பார்த்தால் நஷ்டம் கொஞ்சம். பார்க்காவிட்டால் நஷ்டம் ஏராளம்!

கார் டயரும் அப்படித்தான்.

காலையில் ஒரு சக்கரம் மட்டும் அமுங்கி இருக்கிறது. காற்று அடிக்கிறார், கார்க்காரர். நான்கு நாளில் மறுபடியும் அமுங்குகிறது. "தூத்துக்குடிக்குப் போய்ச் சரக்கைக் கப்பலேற்றிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறார்.

அங்கேதான் இருக்கிறது ஆபத்து!

வெடிப்பது ஏன்?

வண்டியின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். காற்று குறைந்தால், டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சுடும் அல்லவா? டயரும் அதுபோலச் சூடேறுகிறது. சூட்டில் அது வலுவை இழக்கிறது. வேகமாக ஓடும்போது வெடித்தால், உயிருக்கே ஆபத்து.

காற்று அடைத்த டயரை 1888-ம் ஆண்டில் செய்தவர் டன்லப். அவர் பெல்பாஸ்ட் நகரில் இருந்த கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காக அதைச் செய்தார்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் டியூப் இல்லாத டயர்களே உள்ளன. ஆணி குத்தினாலும், அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெல்ல மெல்லக் கசியும். அதனால்தான் பலருக்கு அது தெரிவதே இல்லை.

சோப்புத் தண்ணீர் போதும்

வண்டி ஓடாமல், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஓரத்தில் எழுதியிருக்கும். மாதத்துக்கு 1 அல்லது 2 பவுண்டு குறைவது இயல்பு. ஒரே வாரத்தில் 4, 5 பவுண்டு குறைந்தால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு மீது விட வேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு அங்கேதான். குமிழி இல்லையா? டயர் முழுவதும் தடவ வேண்டும். டயரும் இரும்பு வளையமும் சேரும் விளிம்பையும் விடக்கூடாது. பிறகு காரைச் சற்று நகர்த்தி, தரையில் பதிந்திருந்த பகுதியையும் பார்க்க வேண்டும்.

குமிழி கண்ட இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட வேண்டும். ஆணி தெரிந்தால் பிடுங்கக் கூடாது! பிடுங்கினால் மிச்சக் காற்றும் போய்விடும். அப்படியே பஞ்சர் கடைக்குக் காட்ட வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால், கடையில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பார்கள்.

எந்த ஒட்டு நல்லது?

வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகுவது சில நிமிட வேலை. டயரைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, உள்ளே ஒட்டுப் போடுவது அதைவிட நம்பகமானது. உள்ளே டயர் கெட்டிருக்கிறதா என்றும் அப்போது தெரிந்துவிடும்.

பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடக்கூடாது. டயரை மாற்றிவிட வேண்டும்.

அந்தக் கார்க்காரர் கிளம்புமுன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு குவளை சோப்புத் தண்ணீர் கள்ளனைக் காட்டிக் கொடுத்துவிடும். சரக்கும் கப்பலேறும், அவரும் பத்திரமாக வீடு திரும்புவார்!